பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர்

கோடை பிறந்தால் தேஹு ரோடு குடியிருப்புகளில் முதல் பேச்சு தண்ணீர்தான். குழாயில் எப்போது வரும், எத்தனை குடம் கிடைக்கும் என்பதே காலைக் கவலை. பக்கத்துப் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் நகரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்ற முறை 2019 நவம்பரில் கொண்டுவரப்பட்டது. பிடித்துவைத்த தண்ணீரில் சமையலுக்கு இவ்வளவு, துணி துவைக்க இவ்வளவு, குளிக்க இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு கணக்கு உண்டு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் குடிக்க இவ்வளவு என்ற கணக்குதான் பல வீடுகளில் இல்லை.

படைக்கலக் கிடங்கையும் ரயில்வேயையும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளையும் நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள் இவை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாமல் இங்கேயே பிள்ளை பெறும் பெண்கள் ஏராளம். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ரயிலேறி வந்து ஒத்தாசை செய்கிறார்கள். அவர்களோடு பத்தியமும் வந்து இறங்குகிறது. பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் பிரசவ லேகியமும் நல்லவையே. ஆனால் 'பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்காதே. வயிறு பெருத்துவிடும், புண் ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்' என்ற கட்டளையும் கூடவே வருவதுதான் தொல்லை.

இந்தக் கட்டளைக்கு மருத்துவ நூல்களில் ஆதாரம் கிடையாது. அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் சில மணி நேரம் தண்ணீர் வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அந்தச் சில மணி நேரத்தை வீட்டில் சில வாரங்களாக நீட்டிவிடுவோர் இருக்கிறார்கள். தண்ணீர் குடிப்பதால் வயிறு பெருப்பதில்லை. தாய் குடித்த தண்ணீரால் பிள்ளைக்குச் சளி பிடிப்பதும் இல்லை.

கணக்கு எளியது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக முக்கால் லிட்டர் பால் குடிக்கிறது. அந்த முக்கால் லிட்டரும் தாயின் உடம்பிலிருந்தே போகிறது. எனவே வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் பெரிய தம்ளரில் மூன்று தம்ளராவது அவருக்குக் கூடுதலாக வேண்டும். ஏப்ரல், மே மாத வெயிலில், அடுப்படியில் வேர்த்துக் கொட்டும்போது, அதற்கும் மேலே வேண்டும். குழந்தை மார்பில் வாய் வைத்தவுடன் பல தாய்மாருக்குத் தொண்டை வறண்டு தாகம் எடுக்கும். அது நோயல்ல, உடம்பு தண்ணீர் கேட்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகும் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். அப்படிப் பெருகாது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால்தான் பால் சுரக்கிறது. அதேபோல ஒருநாள் தண்ணீர் குறைந்ததால் பால் உடனே வற்றிவிடுவதும் இல்லை. பால் வற்றுமுன் தாய்தான் வற்றுகிறாள். தலைவலி, தலைச்சுற்றல், நாவறட்சி, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு என்று அவள் உடம்புதான் விலை கொடுக்கிறது. குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து, தாயும் நலமாக இருக்கிறாள் என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். ஏமாற்றம் இங்கேதான்.

தண்ணீர் போதுமா என்று அறியப் பெரிய சோதனை எதுவும் தேவையில்லை. சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதும். அடர்மஞ்சளாகப் போனால் போதவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர், மோர், கஞ்சி, ரசம், பருப்புத் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். பெரியவர்கள் வெந்நீரே கொடுப்போம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அளவில் மட்டும் குறை வைக்கக்கூடாது. தேநீரை இரண்டு மூன்று குவளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக்கூடாது.

தாய்க்குத் தண்ணீர் தேவை என்றால் பிள்ளைக்கும் தேவைதானே என்று கேட்கலாம். ஆறு மாதம் நிறையும்வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் கூடாது. பாலிலேயே அதற்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது. வெயிலும் வறட்சியும் மிகுந்த சூழலில் இந்தியாவில் நடத்தி 1990ல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதையே உறுதி செய்தது. சங்கில் புகட்டும் தண்ணீரால் வயிறு நிரம்பிப் பிள்ளை பால் குடிப்பது குறையும், வயிற்றுப்போக்கும் வரலாம். முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று தாய் நிம்மதியாக இருக்கலாம். சோர்ந்து கிடந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பாடு இன்னும் கடினம். புனே–லோனாவ்லா லோக்கல் வண்டியில் கழிப்பறை கிடையாது. கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. தாகம் எடுத்தாலும் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குடிநீரும் கழிப்பறையும் இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் அவர்கள் குடிப்பார்கள்.

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தந்தது. 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு நிற்கும் பெண் இதைக் கேட்டு வாங்குவது எளிதல்ல. தொழிற்சங்கங்கள் அவர்களுக்காகவும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 2015ல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தொடங்கிவைத்தார். அத்தகைய அறை, குடிநீர் வசதியோடு, இந்தப் பாதையின் சிறிய ரயில் நிலையங்களுக்கும் வேண்டும்.

அரசும் முதலாளியும் செய்யும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று வீட்டில் இருக்கிறது. அது கணவன் செய்ய வேண்டியது. இரவில் படுக்குமுன் ஒரு செம்புத் தண்ணீரை மூடி, மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கட்டும். ஷிப்டுக்குக் கிளம்புமுன் அதை மறுபடியும் நிரப்பட்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை அவனே தூக்கட்டும். பிள்ளை பெற்ற உடம்பு குடம் சுமக்க வேண்டாம்.

சித்திரை வெயிலில், முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றுவது தமிழ் மக்களின் வழக்கம். பிழைக்க வந்த ஊரிலும் அதை விடாமல் செய்வோர் உண்டு. அந்தப் புண்ணியம் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கட்டும். முதல் தம்ளர், பால் கொடுக்கும் தாய்க்கு.