உபதேசம் வேண்டாம், உரிமை வேண்டும்!



"மனதை மாற்று, வாழ்க்கை மாறும்" என்ற உபதேசம் நமது தோட்டங்களுக்கும் போன் வழியே வந்துவிட்டது. கேட்க இனிமைதான். ஆனால் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவது நம் மனமா, நிர்வாகமா?

அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்த ரொபர்ட் கராசெக் 1979இல் எழுதினார்: வேலைச்சுமை கூடி, அந்த வேலையில் முடிவெடுக்கும் உரிமை குறையும் இடத்தில்தான் மன உளைச்சல் பெருகுகிறது. நமது மலைகளில் இரண்டும் உண்டு. எத்தனை கிலோ என்று துரை சொல்வார். மழையிலும் சரிவிலும் நின்று பறிப்பவளை எவரும் கேட்பதில்லை.

தலைமைத்துவம் பேசும் துரைமார் முதலில் அவளைக் கேட்கட்டும். பிறகு நிறையைத் தீர்மானிக்கட்டும். அந்த மேசையில் நமக்கும் இடம் வேண்டும். தனியாகக் கேட்டால் கிடைக்காது. சங்கமாகக் கேட்போம்!