ஈடா, குத்தகையா, அறுதியா?

மண்டூரில் என் தங்கை வீட்டு முற்றத்து வேம்பின் நிழலிலே சாம்பல் நிறமான ஜீப் ஒன்று நிற்கிறது. ஜீப் என்று நாம் வழக்கம் பற்றிச் சொல்கிறோமே தவிர, உலக யுத்தத்தில் ஓடிய அந்தப் பழைய வண்டிக்கும் இதற்கும் உறவேதும் இல்லை. நிலத்திலிருந்து சற்று உயர்ந்து, ஒரு குடும்பம் முழுவதையும் வயிற்றில் அடக்கிக்கொள்ளும் எந்த மோட்டார் வண்டியும் நம் நாட்டில் ஜீப்தான். இது ஜப்பானில் பிறந்து, அங்கே சில காலம் ஓடி, பின்னர் இங்கே வந்து சேர்ந்த ஹொண்டா வெசல். 2020ஆம் ஆண்டு தை மாதத்தில் வாங்கியது. கைப்பணம் போக மிகுதி இருபது இலட்சம் ரூபாவை நிதிக் கம்பனி ஒன்று கொடுத்தது. நாட்டு வழக்கில் சொன்னால், 'லீசிங்'.

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தோடு கடைசித் தவணை கட்டி முடிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னரே தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசுவாள். "ஐயா, நீங்கள் எங்கள் நல்ல வாடிக்கையாளர். தவணை முடிகிறதே! இந்த வாகனத்தையே வைத்துக்கொண்டு புதியது ஒன்று எடுக்கலாம்; அல்லது இதன்மேல் கைக்குக் காசாகவும் தருவோம்." ஐந்தரை ஆண்டுகளில் ஒரு தவணை மூன்று நாள் பிந்தியபோது இதே இடத்திலிருந்து வந்த குரலில் இந்த இனிமை இருக்கவில்லை என்பது என் தங்கையின் ஞாபகம்.

ஜீப்பை ஆடம்பரத்துக்காக வாங்கினார்கள் என்று எண்ணவேண்டாம். படுவான்கரையை அறிந்தவர்களுக்கு மார்கழி மாதத்து வெல்லாவெளி வீதி எப்படி இருக்கும் என்பது தெரியும். வயலும் வீதியும் வாவியும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும் நாட்கள் உண்டு. குருமண்வெளித் துறைக்கு ஓடத்தில் கடந்தால் எழுவான்கரை அருகில்தான். ஆனால் மூச்சிரைக்கும் மாமியாரை இரவில் களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமானால், வெல்லாவெளி, போரதீவு, பட்டிருப்புப் பாலம் என்று சுற்றித்தான் ஆகவேண்டும். அந்த இரவு ஒன்று வந்துபோன பின்னரே என் மைத்துனர் வயலில் ஒரு துண்டை விற்று இந்த வண்டியை வாங்கினார்.

இப்பொழுது முடிவு செய்யவேண்டிய வேளை. மண்டூர் முருகன் கோயில் உற்சவத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த, மைத்துனரின் தம்பி மகன், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "பெரியப்பா, லீசிங் முடிஞ்சா வண்டியத் திருப்பிக் குடுத்திட்டுப் புதுசு எடுக்கிறதுதானே? நாங்க அங்க மூண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திறம்." மைத்துனர் என்னைப் பார்த்தார். "மச்சான், திருப்பிக் குடுத்தா மறுகா நாம கட்டின காசு?" என்றார். அந்த ஒரு கேள்வியிலே விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது.

ஒரே சொல் இரு தேசங்களில் இரு பொருள் தருகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வண்டியை அவ்வாறு எடுப்பவன் உண்மையில் வாடகைக்காரன். மூன்றாண்டின் பின் அந்த வண்டி என்ன விலை பெறும் என்று முதல் நாளிலேயே ஒரு தொகையை எழுதிவிடுகிறார்கள். இடைப்பட்ட தேய்மானத்துக்கும் அதற்குரிய வட்டிக்குமே அவன் மாதந்தோறும் பணம் கட்டுகிறான். இத்தனை மைலுக்கு மேல் ஓட்டலாகாது, கீறல் விழலாகாது என்று விதிகள் உண்டு. முடிவில் வண்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். எழுதிய தொகையைச் செலுத்தித் தனதாக்கிக்கொள்ளவும் செய்யலாம். 2021, 2022ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் மோட்டார் உற்பத்திக்கு வேண்டிய சில்லுகள் தட்டுப்பட்டுப் பழைய வண்டிகளின் விலை ஏறியபோது, அங்கே பலர் திருப்பிக் கொடுக்காமல் எழுதிய விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்.

நம் நாட்டிலோ மருமகன் சொன்ன அந்தத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே இல்லை. நமது காணி உறுதிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஈடு, ஒற்றி, குத்தகை, அறுதி என்று நான்கு சொற்களை நம் முன்னோர் தெளிவாகப் பிரித்து வைத்தார்கள். கடனுக்குப் பிணையாக எழுதுவது ஈடு. வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பயனைக் கடன் கொடுத்தவனே அனுபவிப்பது ஒற்றி. உடையவனுக்கு ஒரு பங்கு கொடுத்துப் பிறன் நிலத்தில் பயிர் செய்வது குத்தகை. மீட்சியில்லாமல் கைமாறுவது அறுதி. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் நம் லீசிங்குக்குக் குத்தகை என்று பெயர் சூட்டியிருக்கிறது. பெயர் அதுவாயினும் குணம் ஈட்டின் குணம். வண்டியின் விலை முழுவதையும் வட்டியோடு நாமே கட்டுகிறோம். பழுதும் நாமே பார்க்கிறோம். காப்புறுதியும் நம் செலவு. பதிவுச் சான்றிதழில் மட்டும் 'அறுதி உரிமையாளர்' என்ற இடத்தில் கம்பனியின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. கடைசித் தவணையோடு அந்தப் பெயர் எழுந்து போகவேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே இங்கே திருப்பிக் கொடுப்பது என்பது, ஈடு மீட்ட வயலை மீட்ட அன்றைக்கே ஈடு பிடித்தவனுக்குத் தானமாகக் கொடுப்பதை ஒக்கும்.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆசிரியர்கள் படிக்கும் பக்கம் இது. கணக்குக்கு யாரும் அஞ்சமாட்டார்கள். இருபது இலட்சம் ரூபாவை, குறைந்து செல்லும் மீதியின்மேல் ஆண்டுக்கு 14 வீத வட்டியில், அறுபது மாதத் தவணைக்கு எடுத்தால் மாதக்கட்டு ஏறத்தாழ 46,500 ரூபா. முதல் மாதத்தில் இதில் பாதிக்கும் சற்று மேலாக, 23,333 ரூபா, வட்டிக்கே போய்விடுகிறது. முப்பது மாதம் கட்டி முடித்து, பாதி வழி வந்துவிட்டோம் என்று மூச்சு விடும்போது, முதலில் இன்னமும் பதினொன்றே முக்கால் இலட்சம் அளவில் மிச்சம் நிற்கும். முதற் பாதியில் வட்டியைச் சுமக்கிறோம். பிற்பாதியில்தான் வண்டியை வாங்குகிறோம். அறுபது மாதத்தில் வட்டி மட்டும் எட்டு இலட்சத்தை நெருங்குகிறது. முடிந்ததும் புதிய லீசிங் எடுப்பவன் மறுபடியும் அந்த வட்டி மிகுந்த முதற் பாதிக்கே திரும்புகிறான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்வாறு திரும்புபவன் வாழ்நாளில் கட்டணம் இல்லாத வண்டி ஒன்றை ஒருநாளும் ஓட்டியதில்லை.

மண்டூரைப் போன்ற வேளாண்மைக் கிராமத்துக்கு இதில் வேறு ஒரு சங்கடமும் உண்டு. வயல் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. பெரும்போகம் வெட்டி நெல் விற்றால் காசு. மழை பிழைத்தாலோ மிகைத்தாலோ அதுவும் இல்லை. மாதக்கட்டோ போகம் அறியாது. 2020இல் கொவிட் தொற்றின்போது ஆறு மாதத் தவணை விலக்குக் கிடைத்தது. கட்டு நின்றதே அன்றி வட்டி நிற்கவில்லை என்பது பின்னரே பலருக்குப் புரிந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசு தடைசெய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தினாலும் அந்தப் பெரும்போகம் தப்பவில்லை. நெல் வெளிறி நின்றது. 2022 ஆடியில் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் காருக்கு வாரம் 20 லீற்றர் எரிபொருள். வண்டி வேம்பின் கீழ் நின்றது. தவணை மட்டும் ஓடியது. அந்த ஆண்டில் என் தங்கையின் இரண்டு சோடி வளையல்கள் அடைவுக்குப் போயின. ஒன்று இன்னமும் மீளவில்லை.

இங்கே ஒரு பழைய ஒப்பீடு நினைவுக்கு வருகிறது. 1958ஆம் ஆண்டு பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், போடியாரின் வயலில் உழுத குத்தகைக்காரனை நினைத்தபோது எழுப்பிவிட முடியாதபடி காவல் செய்ய முயன்றது. வாகனக் குத்தகைக்காரனுக்கு நெஞ்சில் அப்படியொரு தைரியம் இல்லை. இரண்டு மூன்று தவணை பிந்தினால் நடுவீதியில் மறித்து வண்டியைப் பறித்துக்கொண்டு போவார்களோ என்ற அச்சத்தோடே ஓட்டுகிறான். 'சீஸ் பண்ணுதல்' என்ற தொடர் நம் பேச்சுத் தமிழில் எவ்வளவு சரளமாகப் புகுந்துவிட்டது!

புதியதுக்கு மாற்றச் சொல்பவர்களிடம் வலுவான நியாயம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. "வாங்கிய விலையைவிட இன்று கூடிய விலை தருகிறார்களே, இலாபத்தோடு விற்கலாமே" என்கிறார்கள். உண்மைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் தேதிதான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்தாண்டில் தீவுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. ஆனால் 2020 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 180 ரூபா அளவில் இருந்த பெறுமதி 2025இல் 300 ரூபா அளவுக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஏறியதில் பெரும்பங்கு வண்டியின் மதிப்பன்று, ரூபாவின் வீழ்ச்சி. விற்றுக் கிடைக்கும் பெருந்தொகையைக் கொண்டு வேறொரு வண்டி வாங்கப் போனால், அதே மெலிந்த ரூபாவில், அதன்மேல் வரிகளும் சுமந்த விலையைத்தான் எதிர்கொள்வோம். வண்டியே வேண்டாம் என்று விற்பவனுக்கு மட்டுமே அது இலாபம்.

கைக்குக் காசு தரும் மறு லீசிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் செய்துவைக்கும் மட்டக்களப்பு வழக்கத்தில், மேற்கூரை போடும் நேரத்தில் இந்தக் காசு தெய்வம் கொடுத்ததுபோல் தோன்றும். மீட்ட வண்டியை மறுபடி ஈடு வைத்து வீட்டுக்கு ஓடு வாங்குகிறோம். அதற்கு வீட்டுக் கடன் என்று வங்கியில் வேறு வட்டியில் ஒன்று உண்டென்பதை அந்தத் தேன்குரல் சொல்லப்போவதில்லை. என் மைத்துனருக்குக் கலியாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அதனால்தான் தொலைபேசியை அவர் உடனே வைத்துவிடவில்லை.

நான் அவருக்குச் சொன்னது இதுவே: வண்டியை வைத்திருங்கள். ஹைபிரிட் பற்றரியை நல்ல ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சோதியுங்கள். அது சாகும் நிலையில் இருந்தால் மட்டும் நாம் வேறு கதை பேசுவோம், ஏனெனில் அதை மாற்றும் செலவு சிறியதன்று. பற்றரி நலமாயின், 46,500 ரூபாவை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தவணை முடியாததுபோலவே பாவித்து, வங்கியில் உங்கள் பெயரில் போடுங்கள். பதினொரு இலட்சத்துக்கு மேல் சேரும். பழுதுக்கும் அது, மகள் வீட்டுக்கும் அது. இத்தனை காலம் நீங்கள் வண்டிக்கு உழைத்தீர்கள். வண்டி உங்களுக்கு உழைக்கும் காலம் இப்பொழுதுதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் வற்புறுத்தினேன். காசு கட்டி முடிந்ததும் காரியம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கம்பனியின் விடுவிப்புக் கடிதத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறுதி உரிமையாளர் இடத்தில் தம் பெயரைப் பதிவிக்கும்வரை அந்த வண்டி தாளில் அவருடையதன்று. கம்பனிகளும் மனிதரைப்போல் சாவதுண்டு. பெரிய பெயர் பெற்றிருந்த 'தி பினான்ஸ் கம்பனி'யின் உரிமத்தையே 2020 மே மாதத்தில் மத்திய வங்கி இரத்துச் செய்தது. அப்படி நேர்ந்த பின் ஒரு கடிதத்துக்காக அலைவதைவிட, இப்பொழுது இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அலைவது நன்று.

மருமகனுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. "மாமா, அங்க பழைய வண்டிய வச்சிருந்தா ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பாங்க" என்றான். இங்கும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றாள் என் தங்கை, குசினியிலிருந்து. மீளாத வளையலை அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கக் கூடும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் மைத்துனர் கொழும்புக்குப் பஸ் ஏறினார். பதிவுச் சான்றிதழில் இப்பொழுது ஒரே பெயர்தான் இருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டகத்துக்குள் போடலாமா என்று சிறியவன் கேட்டானாம். அவர் அதை மடித்து, பாட்டன் காலத்து வயல் உறுதிகள் கிடக்கும் தகரப் பெட்டிக்குள், அவற்றின் மேலே வைத்துப் பூட்டினார்.