10 மார்க் துரு

முதல் வருஷ கெமிஸ்ட்ரில "டிஃபரென்ஷியல் ஏரேஷன் கரோஷன்" 10 மார்க் கேள்வியா வந்தது ஞாபகம் இருக்கா? படம் வரைஞ்சு, ஆனோடு, கேத்தோடு குறிச்சு, சமன்பாடு எழுதி எனக்கு 9 மார்க் கிடைச்சது. அதே சமயத்துல எங்க வீட்டு வாசல்ல நின்ன காரிலயும் அதுதான் நடந்துகிட்டு இருந்தது. எனக்குத்தான் தெரியலை.

எங்க வீடு திருவொற்றியூர்ல. எந்நேரமும் கடல் காத்து. அப்பாவோட பழைய கார்ல பின் கண்ணாடியைச் சுத்தி ரப்பர் பீடிங் இருக்கும். அதோட கீழ் மூலையில மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. "இன்ஜினியர் சார், இது என்னன்னு பாருப்பா"ன்னு அப்பா கூப்பிட்டார். நான் ஒரு டச்-அப் பெயிண்ட் வாங்கி, நெயில் பாலிஷ் மாதிரி மேல தடவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட அப்பா அதைப் பெருமையா காட்டினார்.

அடுத்த மழைக்காலம் முடிஞ்சப்போ அந்த இடத்துல பெயிண்ட் கொப்புளிச்சிருந்தது. டிங்கர் அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனையால லேசா அழுத்தினார், உள்ளே போயிடுச்சு. கண்ணாடியைக் கழட்டி, தகட்டை வெட்டி, புதுசு வெல்ட் பண்ணி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க 12,000 ரூபாய். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

பீடிங்குக்கு அடியில தேங்குற ஈரத்துக்கு ஆக்சிஜன் குறைவா கிடைக்கும், வெளியே அதிகமா கிடைக்கும். குறைவா கிடைக்கிற இடம்தான் ஆனோடு, அங்கேதான் இரும்பு அரிக்கும். உப்பு சேர்ந்தா இன்னும் வேகம். துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அதனாலதான் பெயிண்ட் உப்புது. மேல பூசினா கண்ணுக்கு மறையுமே தவிர அரிப்பு நிக்காது. வீட்ல அரியரை மறைக்கிற கதைதான்.

புள்ளி சின்னதா இருக்கும்போதே செஞ்சா ஒரு நாள் வேலை. இடத்தைக் கழுவி நல்லா காய விடுங்க. கண்ணாடியில கீறல் விழாம இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பீடிங்கை மெதுவா தூக்கி அடியிலயும் பாருங்க. 80 நம்பர் உப்புத்தாளால பளபளன்னு உலோகம் தெரியுற வரைக்கும் தேய்ங்க. அப்புறம் 320 நம்பரால சுத்தியிருக்கிற பெயிண்ட் விளிம்பை மழுங்க விடுங்க. குழிகள்ல கருப்பா மிச்சம் இருந்தா பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் இருக்கு, கையுறை போட்டுக்கிட்டு பாட்டில்ல சொன்னபடி தடவுங்க. அன்னிக்கே பிரைமர் அடிச்சிடணும், வெறும் இரும்பை ராத்திரி விட்டா மறுபடி துரு பிடிக்கும். அதுக்கு மேல கலர், கடைசியா கிளியர் கோட். எல்லாமே மெல்லிசா, ஒண்ணு காஞ்ச பிறகு இன்னொண்ணு.

ஒரு எச்சரிக்கை. இப்போ வர்ற கார்கள்ல முன் கண்ணாடியைப் பசையால ஒட்டியிருப்பாங்க. துரு அந்தப் பசைக்கு அடியில போயிருந்தா நாம கை வைக்கக் கூடாது. விபத்துல கண்ணாடியைப் பிடிச்சு வைக்கிறது அந்த ஒட்டுதான்.

நான் சொல்ல வர்றது இதுதான்: கரோஷன் பாடத்துக்கு ஒரு மதியமாவது வொர்க்ஷாப்ல ஒதுக்கணும். காயலான் கடையிலிருந்து துரு பிடிச்ச ஒரு கார் கதவு வாங்கினா ஒரு வகுப்புக்கே போதும். "நாம டிசைன் பண்ணப் போறவங்க, டிங்கர் வேலை நமக்கெதுக்கு?"ன்னு கேட்பீங்க. தண்ணி எங்கே தேங்கும்னு கையால தொட்டுப் பார்க்காதவன் வரையுற கதவுலயும் தண்ணி தேங்கும். எனக்கு 9 மார்க் வாங்கித் தந்த படத்தையும் எங்க கார் பீடிங்கையும் சேர்த்துப் பார்க்க யாரும் கத்துத் தரலை. எனக்கும் தோணலை.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வண்டியைத் துடைக்கும்போது கண்ணாடி ஓரத்தை விரலால ஒரு தடவை தடவிப் பாருங்க. கொப்புளம் தட்டுப்பட்டா சொல்லுங்க. மிச்ச உப்புத்தாள் என்கிட்ட இருக்கு.