ஏரி மட்டும் தெரியும் பயணக் கட்டுரைகள்

இமயத்தின் உயரத்து ஏரிகளுக்கு நடந்து போய் வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை ஆர்வத்துடன் படித்து வருபவன் நான். ரூப்குண்ட், ஹேம்குண்ட், கங்காபல், சஹஸ்ர தால் என்று பெயர்கள் மாறுகின்றன. கட்டுரையின் அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. முதல் பத்தியில் ரயில் கிளம்பும். மூன்றாம் பத்தியில் பனிச்சிகரம் தெரியும். பிறகு மூச்சிரைப்பு, ஒரு கடைசி ஏற்றம், அதைத் தாண்டியதும் நீலமாய் ஏரி. எழுதுபவர் சொல்லிழந்து நிற்பார். சொல்லிழந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்.

அந்த அனுபவத்தின் உண்மையை நான் ஐயுறவில்லை. கட்டுரையில் எது விடுபடுகிறது என்பதே என் கேள்வி. எத்தனை இரவுகள் எந்த உயரத்தில் தங்கினார்கள்? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள்? எந்த நேரத்துக்குள் ஏரியை அடையாவிட்டால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்? இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. திட்டமிடல் என்பது இலக்கியத்துக்குப் புறம்பான குமாஸ்தா வேலை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

நம் மரபு அப்படி எண்ணவில்லை. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் 583 அடிகள் கொண்ட பாட்டு. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்வது அது. அருவியையும் தேனடையையும் பாடும் அதே நாவால், பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கின்றன, ஆகவே விடிந்த பிறகே நடங்கள் என்கிறது. தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் பற்றி எச்சரிக்கிறது. ஆழ்ந்த குளத்தின் ஓரத்துப் பாசி காலை வழுக்கிவிடும் என்கிறது. கவர்த்த வழிகளில் பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வையுங்கள் என்றும் சொல்கிறது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்தப் புலவர் தம் பாட்டைக் கேட்பவன் உண்மையில் அந்த மலையில் நடக்கப் போகிறான் என்று நம்பியிருக்கிறார். நம் கட்டுரையாளர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. வாசகன் நாற்காலியில்தான் இருப்பான் என்று எண்ணி எழுதுகிறார்கள். ஆனால் வாசகன் எழுந்து போகிறான்.

போகிறவன் யார்? பெரும்பாலும் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே பிறந்து வளர்ந்தவன். 4,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 மீட்டரில் ஓர் இரவு தூங்கியவர், அதற்கடுத்த மூன்றாம் இரவில்தான் 4,200 மீட்டரில் படுக்கலாம். இக்கணக்கு உடல்வலிமையைப் பொறுத்ததன்று. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரலாம். அதைப் பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கலாம். அப்போது முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

இங்கேதான் ரயில் டிக்கெட் வருகிறது. நாம் முதலில் செய்வது திரும்பும் டிக்கெட்டைப் பதிவது. அலுவலகத்தில் கிடைத்த விடுப்பிலிருந்து நாள்களைக் கழித்துக்கொண்டே வந்து, எஞ்சியதை மலைக்குக் கொடுக்கிறோம். ஓய்வு நாள் முதலில் வெட்டுப்படுகிறது. வானிலை கெட்டால் முகாமிலேயே காத்திருப்பதற்கான உபரி நாள் அடுத்து. ஏறும் முடிவை எடுக்க வேண்டியது உடலும் வானமும். அந்த முடிவை ஊரில் இருந்தபோதே டிக்கெட் எடுத்துவிட்டது. "ஆறே நாளில் முடித்தோம்" என்று பெருமையோடு எழுதும் ஒரு வரி, படிப்பவரின் ஏழாம் நாளைப் பறித்துவிடுகிறது.

2024 ஜூன் மாதம் உத்தராகண்டில் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. கர்நாடகத்திலிருந்து சென்றவர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் போக வேண்டியிருந்தது. இறந்தவர்களைக் குறைசொல்ல நான் இதைக் குறிப்பிடவில்லை. மலை எச்சரிக்கையானவர்களையும் கொல்லும். ஏரியைக் கண்ட பிறகு, திரும்பும் வழியில் இது நேர்ந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். நம் கட்டுரைகள் ஏரிக்கரையில் முடிந்துவிடுகின்றன. நடை அங்கே பாதிதான் முடிந்திருக்கிறது. காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகலில் மூடிக்கொள்வது மலையின் வழக்கம். நனைந்த பருத்தித் துணியும் காற்றும் சேர்ந்தால், ஜூன் மாதத்திலும் உடலின் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எனவே இத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது, ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவது என்ற உறுதி, திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

திட்டத்தில் இன்னொரு கேள்வியும் அடங்கும்: நாம் போகத்தான் வேண்டுமா? ரூப்குண்ட் பற்றிய கட்டுரைகள், 1942இல் வனக்காவலர் ஒருவர் கண்ட எலும்புக்கூடுகளைப் பேசாமல் இருப்பதில்லை. ஏரிக்குப் போகும் வழியிலுள்ள பேத்னி புல்வெளியில் எத்தனை கூடாரங்கள் இருந்தன என்று சொல்வதில்லை. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் இத்தகைய மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. செல்வோர் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டியது. ஆண்டில் பல மாதம் பனிக்கடியில் கிடந்து, குறுகிய கோடையில் மட்டும் தழைக்கும் புல் அது. கூடாரம் பட்ட இடம் ஆற நெடுங்காலம் ஆகும். நம் வியப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் பயண இலக்கியத்தின் பொருள்தான்.

"பட்டியல் போட்டால் கவிதை போய்விடாதா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பொறியையும் பாசியையும் சொன்னதால் மலைபடுகடாத்தில் கவிதை குறைந்துவிடவில்லை. அந்த அக்கறையே அதன் கவிதைக்கு எடை தருகிறது. தமக்குப் பின்னால் இன்னொருவர் அதே வழியில் வருகிறார் என்ற நினைவுடன் எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை. ஏரியின் நீலத்துக்கு ஒரு பத்தி குறைந்தாலும் குற்றமில்லை. எத்தனை நாள் காத்திருந்தீர்கள், எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்து வைத்த புல்லாக அது இருக்கும்.