வாற வருசம் என்ன டிரெண்ட் எண்டு ஆர் கேட்டது?

டிசம்பர் பிறந்தால் போதும், "2025ஐ ஆளப்போகும் பத்து டிஜிட்டல் டிரெண்டுகள்" வந்துவிடும். முதலில் ஆங்கிலத்தில் வரும். இரண்டு நாள் கழித்து அதே பத்தும் தமிழில் வரும். மூன்றாம் நாள் ஆரோ ஒருவர் பின்னணியில் மியூசிக் போட்டு அதை ரீல்ஸ் ஆக்கிவிடுவார். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் மாற்றும், குறும்வீடியோ பெருகும், குரலால் தேடுவோம், கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போவோம். இந்த வருசமும் நாலைந்து பட்டியலை வாசித்துப் பார்த்தன். கிளிநொச்சியில் இருக்கிற பெடியனுக்கும் ரொறன்ரோவில் இருக்கிற விளம்பரக் கொம்பனி மனேஜருக்கும் ஒரே எதிர்காலம்தானாம்.

இந்தப் பட்டியல்களை எதிர்வுகூறல் எண்டு சொல்லுறதை நாங்கள் நிப்பாட்ட வேணும். இது விற்பனை. எங்கட ஊர்ச் சாத்திரியார் தோசம் இருக்கெண்டு சொல்லிவிட்டு, பரிகாரத்தையும் தானே செய்து தாறன் எண்டு சொல்லுற மாதிரியான வேலை. வாற வருசம் வீடியோதான் எண்டு எழுதுகிறவர் வீடியோ செய்து குடுக்கிற கடை வைத்திருப்பார். செயற்கை நுண்ணறிவு தெரியாதவனுக்கு வேலை இல்லை எண்டு எழுதுகிறவரிடம் ஆறு வாரக் கோர்ஸ் ஒண்டு இருக்கும். பஞ்சாங்கம் இதைவிடப் பரவாயில்லை. அது பிழைச்சால் ஐயரிடம் போய்ச் சண்டையாவது பிடிக்கலாம்.

சரி, பழைய பட்டியல்களைக் கொஞ்சம் தூசு தட்டிப் பார்ப்பம். 2021 ஒக்டோபர் 28ஆம் திகதி பேஸ்புக் கொம்பனி தன்ர பெயரை மெட்டா எண்டு மாற்றினது. அந்த டிசம்பரில் மெட்டாவர்ஸ் இல்லாத பட்டியலே இல்லை. பக்கத்தில் என்எஃப்டி. கொலின்ஸ் அகராதி அந்த வருசத்தின் சொல்லாகவே என்எஃப்டியைத் தெரிவுசெய்தது. அவை சொன்னபடி பார்த்தால், 2022இல் நாங்கள் எல்லாரும் தலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இல்லாத உலகத்தில் காணி வாங்கியிருக்க வேணும்.

நடந்தது என்ன? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கு நேரம், அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் பூட்டினது. சனம் ஒரே நாளில் விபிஎன் போடப் பழகினது. ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் கோட் வந்தது. ஸ்மார்ட் போன் இல்லாத அப்பப்பாக்கள்கூட அதை அச்செடுத்து, லமினேட் பண்ணி, சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு செட்டில் வரிசையில் நிண்டினம். அந்த வருசம் எங்கட நாடு முழுக்கப் பழகின புதுத் தொழில்நுட்பம் அந்தச் சின்னக் கறுப்புக் கட்டங்கள்தான். எந்தப் பட்டியலில் இருந்தது அது? மெட்டாவர்ஸுக்குப் பொறுப்பான பிரிவில் மெட்டா அந்த ஒரே வருசத்தில் இழந்தது 1,370 கோடி டொலர். அடுத்த வருசம் 1,610 கோடி. பட்டியல் எழுதினவை ஒருத்தரும் வந்து கணக்குச் சொல்லேல்லை. 2022 நவம்பர் 30 சட்ஜிபிடி வெளிவந்த உடனே, ஏதோ முதலே தெரிந்த மாதிரி அதைத் தூக்கி முதலாம் இடத்தில் வைத்துவிட்டு நடந்து போட்டினம். கிளப்ஹவுஸை நினைவிருக்கா? 2021இல் விடிய விடியத் தமிழில் அடிபட்ட அந்த அறைகள் எல்லாம் இப்ப எங்கே?

2024ஆம் வருசத்தையே எடுங்கோவன். ஜூலையில் சாவகச்சேரி வைத்தியசாலைக்குள் இருந்து ஒரு வைத்தியர் பேஸ்புக் நேரலைக்கு வந்தார். நவம்பரில் இராமநாதன் அர்ச்சுனா யாழ்ப்பாண மாவட்டத்தில் சுயேச்சையாகக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர். உங்களுக்கு அவரைப் பிடிக்குதோ இல்லையோ, அது வேற கதை. ஒரு கைத்தொலைபேசியும் நாலு மாதமும் என்ன செய்யும் எண்டதை எங்கட தேர்தல் காட்டியிருக்கு. "லைவ் வீடியோவின் காலம் முடிந்துவிட்டது" எண்டு எழுதினவைக்கு இது தெரியவே போறதில்லை.

ஒரு சினேகிதன் இதுக்குச் சொன்ன பதில்: "அது மார்க்கெட்டிங் ஆக்களுக்கு எழுதினது மச்சான், நீ ஏன் அதை வாசிச்சுப்போட்டுக் கொதிக்கிறாய்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதை வாசிச்சுப்போட்டு உழைப்பையும் காசையும் கொண்டுபோய்க் கொட்டுறது மார்க்கெட்டிங் ஆக்கள் மட்டும் இல்லை. ஏலெவல் முடிச்சுப்போட்டு "கொன்டென்ட் கிரியேட்டர்" ஆகப்போறன் எண்டு கமரா வாங்குற பெடியளும் பெட்டையளும்தான். அவைக்கு ஆராவது இந்தக் கடையின் கணக்கை விளங்கப்படுத்த வேணும்.

யூடியூப்பில் விளம்பரக் காசு பார்வைக்குப் பார்வை ஒரே அளவு இல்லை. பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் எண்டதைப் பொறுத்து மாறும். வவுனியாவில் இருந்து ஆயிரம் பேர் பார்க்கிறதும் லண்டனில் இருந்து ஆயிரம் பேர் பார்க்கிறதும் ஒண்டில்லை. லண்டன், ரொறன்ரோ, சூரிச் பார்வைக்குத்தான் விலை. அப்ப இங்க இருக்கிற ஒருவர் வீடியோ செய்யேக்க ஆருக்காகச் செய்வார்? புலம்பெயர்ந்த ஆக்கள் எதைத் தேடிப் பார்ப்பினமோ, அதைத்தான். ஊர்க்கோயில் திருவிழா, பனங்கூடல், கூழ் காய்ச்சல் எண்டு தொடங்கி, அது எல்லாரும் செய்து முடிய, கமரா கடைசியாகப் போய் நிக்கிற இடம் ஒரு தகரக் கொட்டில்.

அந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பியள். வாசலில் இருந்தே பதிவு தொடங்கும். "அம்மா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" தாய் தலையைக் குனிவா. பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் கமரா போகும். போரில் காணாமல் போன கணவனைப் பற்றிக் கேட்பார்கள். அழுதால் நிறுத்த மாட்டார்கள். அந்த இடத்தில்தான் தலைப்புப் படம் எடுப்பார்கள். பிறகு கனடாவில் இருந்து ஒரு அண்ணா அனுப்பின காசு, தாள் தாளாக எண்ணிக் கையில் குடுக்கப்படும். கடைசியில் அந்தத் தாய் கமராவைப் பார்த்து நன்றி சொல்ல வேணும்.

"உதவி கிடைக்குதுதானே" எண்டு சொல்லுவினம். கிடைக்குதுதான். கூரை போட்டுக் குடுத்தவை இருக்கினம், கிணறு கட்டிக் குடுத்தவை இருக்கினம், அதை நான் மறுக்கேல்லை. ஆனால் கூரைக்கு ஏன் அந்தப் பிள்ளையின் முகம் வேணும்? நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகேக்க, அவளின் வீட்டுப் பானைக்குள் என்ன இருந்தது எண்டு வகுப்பு முழுக்கத் தெரியும். கேட்காமல் எடுத்தார்களா எண்டால், இல்லை, கேட்டுத்தான் எடுத்தார்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு "எடுக்கட்டா?" எண்டு கேட்டால் அந்தத் தாய் வேற என்ன சொல்லுறது? எங்கட வறுமையை நாங்கள் ஏற்றுமதிப் பொருளாக்கி வைத்திருக்கிறம். வாங்குகிறவையும் எங்கட சொந்தக்காரர்தான். இருபது டொலர் அனுப்பிவிட்டுத் தன்ர பெயர் வீடியோவில் வாசிக்கப்படுதா எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற மாமாமாருக்கும் இதில் பங்கிருக்கு. நானும் ஒரு எதிர்வுகூறல் சொல்லுறன்: 2025இல் இந்த உதவி வீடியோ ஒண்டு பொலிஸ் நிலையம் வரை போகும். ஒரு பெட்டையை அவமானப்படுத்தின காட்சி ஒண்டு பரவி, அதுக்குப் பிறகுதான் எல்லாரும் ஒரே நாளில் நல்லவர்கள் ஆவினம்.

செயற்கை நுண்ணறிவுக்கு வருவம். அது வரும், வந்திட்டுது, அதில சண்டை இல்லை. பட்டியல்கள் சொல்லாமல் விடுகிறது, அது எந்த மொழியில் என்ன விலைக்கு வருகுது எண்டதை. இந்த இயந்திரங்கள் நாங்கள் எழுதுகிறதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கும். அதை டோக்கன் எண்டு சொல்லுவினம். அவற்றை வைத்துச் செயலி செய்கிறவர்களிடம் காசு அறவிடுகிறதும் துண்டுக் கணக்கில்தான். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன்ர புது மாதிரியை வெளியிடேக்க ஒரே வசனத்தைப் பல மொழிகளில் வெட்டிக் காட்டினது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 துண்டு, தமிழுக்கு 116. புது முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. நல்ல முன்னேற்றம் எண்டு கைதட்டினவை. நான் அந்த 116ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். அதே விசயத்தைத் தமிழில் சொன்னதுக்கு இவ்வளவு நாளும் நாலு மடங்குக்கு மேல விலை. இதை எந்தப் பட்டியலிலும் வாசிச்ச ஞாபகம் இல்லை.

அதிலும் எங்கட தமிழ் எங்கே? சட்ஜிபிடியிடம் யாழ்ப்பாணத்துப் பேச்சில ஒரு கதை எழுதித் தா எண்டு கேட்டுப் பாருங்கோ. இரண்டு வசனத்துக்கு "எண்டு", "கிடக்கு" எண்டு நடிச்சுப்போட்டு மூன்றாம் வசனத்தில் சென்னைக்கு பஸ் ஏறிவிடும். மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டால் அதுகூட இல்லை. இயந்திரத்தைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. இணையத்தில் எழுத்தாகக் கிடக்கிற தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டினது. எங்கடது பாமினியில் அடிச்ச பழைய கோப்புகளாயும், படமாய் எடுத்துப் போட்ட மரண அறிவித்தலாயும், வட்ஸ்அப் குரல் பதிவுகளாயும் கிடக்கு.

2020 ஜூன் 29 இந்தியா டிக்டொக்கைத் தடைசெய்த பிறகு அங்க தமிழ்நாட்டுச் சத்தம் ஓய்ஞ்சு, எங்கட பேச்சும் புலம்பெயர்ந்த ஆக்களின்ர பேச்சும் மேல வந்தது. ஒரு பெரிய தளத்தில் எங்கட பேச்சு ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்தது அதில்தான். அந்தப் பேச்சில் எவ்வளவு எழுத்தாய் மிஞ்சும்? 2025 ஜனவரி 19 அமெரிக்காவில் டிக்டொக் பூட்டப்படுமா எண்டு எல்லாரும் எழுதினவை. எங்களுக்கு இருக்கிற கேள்வி வேற.

பட்டியலுக்கு ஆரும் காத்திருந்திருந்தால் எங்களிட்ட இப்ப ஒண்டுமே இருந்திராது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கின காலத்தில் அதைத் தூக்கி நிறுத்தின முன்னோடி மயூரநாதன் எங்கட ஊர்க்காரர். 2005இல் நூலகம் தொடங்கேக்க, எரிஞ்ச யாழ் நூலகத்தின் நினைவோட இருந்த சனம், இருக்கிற புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாய் ஸ்கான் பண்ணினது. எழுத்துரு மாற்றி செய்து இலவசமாய் விட்டவை இருக்கினம். பாமினியில் இருந்து யுனிகோட்டுக்கு வந்த எங்கட தலைமுறையே அதுகளால வந்தது. அந்த வருசங்களில் ஒரு சந்தைப்படுத்தல் நிபுணரும் "ஸ்கானிங்தான் அடுத்த டிரெண்ட்" எண்டு எழுதினதாய் எனக்குத் தெரியாது.

இனி பூட்டு விசயம். 2018 மார்ச்சில் திகன கலவரம் நடக்கேக்க, முஸ்லிம் சனத்துக்கு எதிரான சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் நாள்கணக்காய் நிண்டது. மொழி தெரிஞ்ச ஆக்கள் போதுமான அளவு அந்தக் கொம்பனியிடம் இல்லை. மன்னிப்புக் கேட்க 2020 மே வரை எடுத்தது. அதே கொம்பனி, தலைவரின் படம் ஒண்டு போட்டால் எத்தனை நிமிசத்தில் தூக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி ஒரு பெட்டையைக் கேவலமாய் எழுதின கருத்தை முறைப்பாடு செய்து பாருங்கோ. "எமது சமூக விதிகளை மீறவில்லை" எண்டு வரும். இங்க அரசாங்கம் என்ன செய்தது? 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 வாக்கில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றினது. எது பொய் எண்டு தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அப்ப அதை எதிர்த்தவை இப்ப ஆட்சியில் இருக்கினம். ஆனால் 2024 நவம்பர் முடிவிலும் மாவீரர் நாள் பற்றின பேஸ்புக் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் ஆக்களைப் பிடிச்சவை. என்ர கணிப்பு: 2025இல் இரண்டு சட்டமும் நீக்கப்படாது. திருத்துறம், குழு போட்டிருக்கிறம் எண்டு கதை மட்டும் நீளும். வாற நவம்பரும் ஒரு அம்மா தன்ர மகனின்ர போனைப் பறிச்சு வைப்பா.

கடைசியாய் டேட்டா. 2024 ஜனவரியில் வற் வரி 15 இல் இருந்து 18 ஆனது. அதுவரை விலக்கில் இருந்த கைத்தொலைபேசிக்கும் சேர்த்துத்தான். ஓகஸ்டில் ஸ்டார்லிங்குக்கு அனுமதி குடுத்தாச்சு, வானத்தில் இருந்து இணையம் விழப்போகுது எண்டு எழுதினவை.  நெடுந்தீவில் ஒரு ஹோட்டல் போடும். பக்கத்து வளவில் இருக்கிற பிள்ளை அப்பவும் கடையில் ரீலோட் போட்டு, யூடியூப்புக்கு ஒரு பக்கேஜ், டிக்டொக்குக்கு ஒரு பக்கேஜ், வட்ஸ்அப்புக்கு ஒரு பக்கேஜ் எண்டு துண்டு துண்டாய்த்தான் இணையத்தை வாங்கும். அந்தத் துண்டுகளுக்கு வெளியில் போனால் காசு வெட்டும். எங்கட ஆக்கள் இருபது வருசமாய்ச் சேர்த்து வைத்த புத்தகங்களைத் திறக்கிறதுக்குக் காசு, ரீல்ஸுக்கு மலிவு. "2025இல் இளைஞர்கள் நீண்ட வாசிப்பைக் கைவிடுவார்கள்" எண்டு ஒரு பட்டியலில் கிடந்தது. எழுதினவரிடம் ஆராவது கேட்டுச் சொல்லுங்கோ, நூலகத்துக்கு ஒரு பக்கேஜ் எப்ப வரும் எண்டு.