அந்தப் புள்ளி யாருடையது?

நம் மலரில் காதல் கவிதை வரும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிக் கிண்டல் வரும். நான் எழுதப்போவது இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கிற வெறும் இடத்தைப் பற்றி. பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்... அந்த இடத்தை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு பாட்டையே நான் கெடுத்திருக்கிறேன்!

எங்கள் தெருவில் ஒரு வீணை டீச்சர். நவராத்திரிக்கு முன்னால் கூப்பிட்டு, "தம்பி, கம்ப்யூட்டர்தானே படிக்கிறே, இந்தப் பாட்டை ஸ்வரத்தோட அடிச்சுக் குடுப்பா" என்றார்கள். அடித்தேன். இரண்டு பக்கம் வந்தது. ஜெராக்ஸ் காசு மிச்சமாகட்டுமே என்று வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 12 பாயிண்ட் என்று இறுக்கி, ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டேன். நமக்குத்தான் மூளை ஜாஸ்தியாச்சே!

ஸ்வரத்துக்கு மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் இரண்டாம் காலம், இரண்டு கோடு என்றால் மூன்றாம் காலம். அடுத்த வரியில் சாகித்யம். ஆக ஒரு 'ப' வாங்குகிற இடம் ஒரு எழுத்தின் உயரம் இல்லை, மூன்று மாடி! நான் இறுக்கியதில் மேல் புள்ளிகள் பாதி வெட்டுப்பட்டன. கீழ் ஸ்தாயிப் புள்ளி நழுவி, அடியிலிருந்த சாகித்ய எழுத்தின் தலையில் உட்கார்ந்தது. தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? 'வரமே' என்பது 'வர்மே' ஆனது. வரம் கேட்கிற பாட்டு வர்மக்கலை ஆகிவிட்டது! சிரிப்பது இருக்கட்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள் கீழ் 'ப'வை நடு ஸ்தாயியில் வாசித்துப் பழகி, அதைத் திருத்த ஒரு வாரம் ஆயிற்று.

"சங்கீதம் காதால வர்றது, பேப்பர் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் காலத்துக்கு அது சரி. (அண்ணன் வீணையையே செங்குத்தாக நிறுத்தித்தான் வாசிப்பாராம்!) வாரத்தில் ஒரு மணி நேரம் டியூஷன் போகிற பிள்ளைக்கு மீதி ஆறு நாளும் அந்த ஜெராக்ஸ்தான் குரு. பெரியவர்களும் பேப்பரை ஒதுக்கவில்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யைத் தெலுங்கில் அச்சிட்டபோது கமகத்துக்கும் குறிகள் சேர்த்தார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நம் கானாடுகாத்தான்காரர். அவர் நிறுவிய பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரத்தோடு புத்தகமாக்கியது. அப்போதெல்லாம் வரிக்கு வரி ஈயப் பட்டையைக் கையால் செருகித்தான் இடம் விடவேண்டும். நமக்கு ஒரு கிளிக். அதைச் செய்யத்தான் சோம்பல்.

மேல்நாட்டு ஐந்து கோட்டு இசைக்கு மியூஸ்ஸ்கோர், லில்லிபாண்ட் என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. லில்லிபாண்ட் இடைவெளிக்கு நான்கு எண்கள் கேட்கிறது: வழக்கமான தூரம், அதற்குக் கீழே போகக்கூடாத குறைந்தபட்ச தூரம், எழுத்தும் குறியும் உரசாமலிருக்க விடும் சந்து, பக்கத்தில் இடம் மிஞ்சினால் எவ்வளவு இழுபடலாம் என்ற கணக்கு. மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்கள் கிளியரன்ஸும் ஸ்பிரிங்கும்தானே! எழுத்தின் உயரத்தோடு நிற்காமல், மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குறிகளையும் சேர்த்தே அது அளக்கிறது. நம் ஸ்வரத்துக்கும் அந்த அளவுதான் வேண்டும். புள்ளி எழுத்தின் உறுப்பு, ஒட்டிக்கொண்ட தூசி இல்லை. தமிழ் ஸ்வரத்துக்கென்று இப்படி அளந்து இடம் விடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதுவது இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு எவ்வளவோ மேல்! வருஷா வருஷம் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட்டைக் காப்பியடிக்கிறோமே...

நான் திரும்ப அடித்துக் கொடுத்தேன். ஸ்வரத்துக்கும் சாகித்யத்துக்கும் நடுவே தாராளமாக இடம், ஒரு ஜோடி முடிந்து அடுத்த ஜோடி தொடங்க அதைவிடக் கூடுதல் இடம். மறுபடியும் இரண்டு பக்கம். டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இப்பத்தான்ப்பா மூச்சு விட முடியுது" என்றார்கள். இரண்டாவது பக்கத்துக்கு ஆன ஜெராக்ஸ் காசை மட்டும் என்னிடமே வாங்கிக்கொண்டார்கள்!