தலையெழுத்தும் மின்சாரமும்

"பையனுக்குக் கணக்கு வரவில்லை" என்றால் நம் மக்கள் உடனே சொல்லும் சமாதானம் என்ன? "அவன் தலையெழுத்து" என்பதுதான். சற்று இங்கிலீஷ் படித்தவராய் இருந்தால் "பிறவி மூளை அப்படி" என்பார். முன்னவர் பழியைப் பிரம்மா மேல் போடுகிறார். பின்னவர் பெற்றோர் மேல் போடுகிறார். சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் மட்டும் சௌக்கியமாய்த் தப்பித்துக்கொள்ளுகிறார்.

அந்தத் தலைக்குள் கணக்கு எப்படி நடக்கிறதென்று, கத்தியும் ரத்தமும் இல்லாமல், வெளியிலிருந்தே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2010-ஆம் வருஷம் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ராய் கோஹன் கடோஷ் என்பவரும் அவரது சகாக்களும் 15 பேரை அழைத்து, தலையின் பின்னுச்சியில் இருபுறமும் பட்டைகள் வைத்து, ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரத்தை 20 நிமிஷம் செலுத்தினார்கள். இப்படி 6 நாள். பழகிய எண்களுக்குப் பதில், யாரும் கண்டிராத புதுக் குறிகளைக் கொடுத்து எது பெரிது, எது சிறிது என்று கற்கச் செய்தார்கள். 5 பேருக்கு மின்சாரம் ஒரு திசையில் ஓடிற்று. 5 பேருக்கு எதிர்த் திசையில் ஓடிற்று. மீதி 5 பேருக்கோ, தலையில் சற்றுக் கூச்சம் தட்டும் மட்டும் விட்டு, அவர்கள் அறியாமலே நிறுத்திவிட்டார்கள். முதற் கூட்டத்தாருக்குக் குறிகள் நன்றாய்ப் பிடிபட்டன. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அத்தேர்ச்சி போகவில்லை. எதிர்த் திசைக்காரர்கள் சிறு குழந்தைகளைப்போல் தடுமாறினார்கள்.

தோழர்களே! இதில் மின்சாரத்தைவிட நமக்குப் பெரிதாய்த் தோன்றுவது அந்த ஏமாற்றப்பட்ட 5 பேர்தான். தாயத்துக் கட்டிய பையன் பரீட்சையில் தேறினான் என்கிறார்களே, வெறும் தகரக் குழாயைத் தாயத்தென்று சொல்லி வேறு 5 பையன்களுக்குக் கட்டிப் பார்த்த மந்திரவாதி எவனாவது உண்டா? பார்த்தால் பிழைப்புப் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாதா? இவர்களோ பிறர் கேட்குமுன் தாங்களே அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள்.

அதோடும் விட்டார்களா? தங்கள் சரக்கிலுள்ள குற்றத்தையும் தாங்களே அச்சிட்டார்கள். 2013-இல் கடோஷும் தெரேசா இயுக்குலானோவும் வெளியிட்டது என்ன? பின்னுச்சியில் தூண்டினால் புதுக் குறிகளைக் கற்பது வேகமாகிறது. ஆனால் கற்றது யோசியாமல் தானே வரும் பழக்கம் கெடுகிறது. நெற்றிப் பக்கம் தூண்டினாலோ காரியம் தலைகீழாகிறது! 2014-இல் வந்த மற்றொரு சோதனையில், கணக்கென்றால் நடுங்குகிறவர்களுக்கு மின்சாரம் வேகம் கொடுத்தது. பயமில்லாதவர்களின் வேகத்தைக் குறைத்தது. ஆகவே ஒரே மருந்து எல்லாருக்கும் அமிர்தம் என்று சொல்ல இங்கே இடமில்லை.

15 பேர் என்பது ஒரு பந்திக்குக்கூடக் காணாது என்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஒரே தடவை செலுத்தும் மின்சாரத்தால் அறிவுத் திறனில் நம்பத்தக்க மாறுதல் காணவில்லை என்று, பல சோதனைகளைச் சேர்த்து எடைபோட்டு 2015-இல் எழுதியவர்களும் உண்டு. அப்படி எழுதியவர்களை யாரும் நாஸ்திகரென்று தூற்றவில்லை; மேலும் சோதித்தார்கள். 2025-இல் 72 பேரைக் கொண்டு 5 நாள் செய்த சோதனையில், நெற்றிப் பக்க மூளைக்கும் பின்னுச்சி மூளைக்கும் தொடர்பு பலவீனமாயிருந்தவர்களே நெற்றிப் பக்கத் தூண்டலால் கணக்கில் முன்னேறினார்கள் என்று கண்டார்கள். "பிறவி மூளை" பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்? மக்கு என்று அவர்கள் மூலையில் உட்கார வைக்கும் பையனுக்கு, வேறு விதமாய்க் கற்பித்தால் வராது என்று எந்தச் சோதனையில் கண்டார்கள்?

இனி இதையே தாயத்தாக்கி விற்கும் கூட்டம் ஒன்றும் உண்டு. தலையில் மாட்டும் மின்பட்டையை வாங்கினால் புத்தி பெருகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எந்தத் திசையில், எந்த இடத்தில், யாருடைய மூளைக்கு என்று கேட்டால் பதிலிருக்காது. வீட்டிலேயே பேட்டரியும் கம்பியும் வைத்துச் செய்துகொள்ளுகிறவர்களுக்கு, தெரியாத தீங்கு பல நேரலாம் என்று 2016-இல் பகிரங்கக் கடிதம் எழுதி எச்சரித்தவர்கள் பாதிரிகளல்ல. இந்த ஆராய்ச்சியையே தொழிலாய்ச் செய்கிறவர்கள்.